மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஒரு சனிக்கிழமை

வெள்ளி, பிற்பகல்.

வவுனியாவில் ஏறிய பஸ் மதவாச்சியைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயல்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் நான் எங்கே போகிறேன் என்பது எனக்கு உறைத்தது. துப்பாக்கி சுடப் பழகும் இடம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பையில் மாற்றுடுப்பும், ஒரு சிங்கள அகராதியும், அம்மா கட்டித் தந்த இடியப்பமும் இருந்தன. புத்தளத்தில் ஒரு விளையாட்டு நிகழ்ச்சி என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை.

அழைத்தவள் நஸ்ரின். ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள்; இப்போது புத்தளத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. கல்பிட்டிப் பக்கத்தில் இருக்கும் ஒரு துப்பாக்கிச் சுடுதல் கழகம், ஒரு சனிக்கிழமை தன் திடலை அவளுடைய மாணவிகளுக்கும் தாய்மாருக்கும் திறந்துவிடச் சம்மதித்திருந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனால் எயார் ரைபிள் என்கிற காற்றுத் துப்பாக்கிக்கு அணி ஒன்றைத் தொடங்கலாம் என்பது அவள் எண்ணம். பயிற்றுநருக்குத் தமிழ் தெரியாது. புத்தளத்தில் சந்தைச் சிங்களம் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் துவக்கைக் கையில் எடுத்துச் சுடும்போது அரைகுறை விளக்கம் போதாது என்றாள் நஸ்ரின். நான் வவுனியாவில் சிங்களம் இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கிறேன். வந்து மொழிபெயர்த்துத் தரச் சொல்லிக் கேட்டாள்.

போர் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் துவக்கைக் காணாமல் வளர்ந்தவர்கள் இல்லை. அதன் கிட்டப் போக ஆசைப்பட்டவளாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தும் நஸ்ரினிடம் ஓம் என்று சொல்லிவிட்டேன். 

அநுராதபுரத்தில் பஸ் மாறினேன். அங்கிருந்து புத்தளத்துக்கு எழுபத்தைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும். நொச்சியாகமைக்குப் பிறகு காடு நெருங்கி வந்தது. வெயில் மரங்களுக்கிடையில் விழுந்து விழுந்து எழும்ப, பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். நானும் கண் மூடினேன். விழித்தபோது காற்றில் உப்பு மணத்தது. உப்பளங்கள் மாலை வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாகக் கிடந்தன. உப்புக் குவியல்களைத் தென்னோலைக் கிடுகால் மூடி வைத்திருந்தார்கள். தூரத்தில் அவை ஏதோ ஒரு சின்ன ஊரின் கூரைகள் போலத் தெரிந்தன, ஆட்களில்லாத ஊர்.

நஸ்ரினின் வீடு தில்லையடியில். ரொட்டியும் பாரை மீன் கறியும் சமைத்து வைத்திருந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் அவள் பார்த்தது என் கால்களைத்தான்.

"செருப்போட வர ஏலாது, தேவகி. நாளைக்கு என்ட சப்பாத்தப் போட்டுக்கங்க."

முதல் தடவை போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கால் முழுக்க மூடிய சப்பாத்து வேண்டும். கழுத்து இறங்கிய சட்டை கூடாது. பெரிய துப்பாக்கிகள் சுட்ட வெற்றுத் தோட்டாவைப் பக்கத்தில் எறியும். அது கொதிக்கக் கொதிக்க வந்து சட்டைக்குள் விழுந்தால், விழுந்தவர் துள்ளுவார். துள்ளுகிறவர் கையில் துப்பாக்கி இருக்கும். அதுதான் ஆபத்து என்றாள் நஸ்ரின்.

சனி, காலை.

வேன் தில்லையடியில் புறப்பட்டு, பாலாவியில் கல்பிட்டி வீதிக்குத் திரும்பியது. மாணவிகள் பின்னால், தாய்மார் நடுவில். எனக்குப் பக்கத்தில் பரீனா என்ற தாய் இருந்தாள். கரும்பச்சை அபாயா, மெலிந்த முகம், என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். மகள் ஹஸ்னாவுக்குத்தான் இந்த விளையாட்டில் எல்லாரையும்விட ஆசை என்றும், தாய் இன்னும் சம்மதிக்கவில்லை, கண்ணால் பார்த்துத்தான் சொல்வேன் என்று வந்திருக்கிறாள் என்றும் நஸ்ரின் முதலே சொல்லியிருந்தாள். பரீனா சலாம் சொல்லிச் சிரித்தாள். அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

பார்க்க நிறைய இருந்தது. வலப்பக்கம் களப்பு, அசைவில்லாமல். அதன் மேல் பனிப்புகார் இன்னும் கலையவில்லை. ஒரு தோணி தண்ணீரில் நிற்கிறதா காற்றில் நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. இடப்பக்கம் தென்னந்தோட்டங்கள், வெங்காயத் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கி. இன்னும் போகப்போக, காற்றாலைகளின் வெள்ளை இறக்கைகள் தென்னைகளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மேலே வந்து, தாழ்ந்து, மறைந்தன. சாரதி பள்ளிவாசல்துறைக்காரர். இந்தக் கரையில் காற்று ஓய்கிற நேரம் விடியலில் கொஞ்சம்தான், பத்து மணிக்கு மேலே தொப்பியைக் கையில்தான் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்றார்.

திடல் கடற்பக்கம், ஒரு பழைய தென்னந்தோட்டத்தின் முடிவில் இருந்தது. நான் மனத்தில் கட்டி வைத்திருந்ததெல்லாம் முள்ளுக்கம்பியும் காவல் கோபுரமும். கண்டது நீளமான ஒரு கிடுகுக் கொட்டில். தரை சீமெந்து; அதில் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு முன்னால் வரிசையாக மேசைகள். மேசைகளுக்கு அப்பால் இடப்பக்கம் பத்து மீற்றரில் எயார் ரைபிளுக்கான இலக்கு அட்டைகள், வலப்பக்கம் ஐம்பது மீற்றரில் கழகத்தவர் சுடும் சின்னத் தோட்டாத் துப்பாக்கிகளுக்கான இலக்குகள். எல்லாவற்றுக்கும் பின்னால் குண்டுகளைத் தாங்க ஆளுயரத்தைவிட உயரமாக ஒரு மண் அணை. அணைக்கு அந்தப் பக்கம் கடல். தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி ஏறியிருந்தது. அது பறக்கும்வரை சுடுகிறார்கள் என்று அர்த்தம்.

பயிற்றுநர் குலதுங்க கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். சத்தம் போடாத மனிதர். ஒவ்வொரு வசனத்தையும் சொல்லிவிட்டு, நான் தமிழில் முடிக்கும்வரை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். எனக்கு ஒரு ஒலிவாங்கி தந்தார்கள்.

அவர் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். எந்தத் துப்பாக்கியும் குண்டு ஏற்றிய துப்பாக்கிதான். வெறுமை என்று இப்போதுதான் உங்கள் கண்ணால் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைக்க வேண்டும். குழல் எந்த நேரமும் மண் அணையைத்தான் பார்க்க வேண்டும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தலை திரும்பலாம், உடம்பு திரும்பக் கூடாது. குறி பார்த்து முடியும்வரை விரல் விசைக்கு வெளியே. மற்றவர் துப்பாக்கியைக் கேட்காமல் தொடுவது, மற்றவர் பாயில் கேட்காமல் தொழுகைக்கு நிற்பது போல. இந்தக் கடைசி உவமை நஸ்ரின் இடையில் சொருகியது, குலதுங்க சொன்னதல்ல. சுடுகிறவரோடு கதைக்கக் கூடாது. பிழைத்தால் சிரிக்கக் கூடாது. சரியாகப் பட்டாலும், அவர் துப்பாக்கியை வைத்த பிறகுதான் பாராட்ட வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. காதுமூடியும் கண்ணாடியும் கொட்டிலுக்குள் இருக்கும்வரை கழற்றக் கூடாது. குண்டுகள் ஈயம், ஆகவே சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

கடைசியாக அவர் சொன்னது இது. திடலுக்குள் யார் எதைக் கண்டு பயந்தாலும் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லலாம். சுடுகிறவர் சொல்லலாம், பார்க்க வந்தவர் சொல்லலாம், தேத்தண்ணி கொண்டுவருகிறவர் சொல்லலாம். காரணம் பிறகு கேட்கலாம். அந்த நிமிடமே அவர் விசில் ஊதுவார். விசில் கேட்டதும் துப்பாக்கியை மேசையில் வைத்து, கையை எடுத்து, எதையும் தொடாமல் எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் போக வேண்டும்.

விசில் ஊதி ஒத்திகை பார்த்தோம். நான் ஒலிவாங்கியில், வகுப்பில் கதைக்கிற என் குரலில் சொன்னேன்:

"துவக்கைக் கீழ வையுங்கோ. ஒண்டையும் தொட வேண்டாம். எல்லாரும் பின்னுக்குப் போங்கோ."

பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். பரீனா மட்டும் நிற்கவில்லை. கதிரையிலிருந்து எழும்பி, கொட்டிலை விட்டு இறங்கி, தென்னைகளுக்கிடையில் நடந்து போனாள். நடை மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

தேத்தண்ணி நேரத்தில் அவளைத் தேடிப் போனேன். ஒரு தென்னையடியில் நின்றாள். வெயில் ஓலைகளுக்கூடாக விழுந்து அவள் அபாயாவில் அசைந்துகொண்டிருந்தது. பயந்து போனீங்களோ என்று கேட்டேன். துவக்குக்குப் பயமில்லை என்றாள்.  கடலின் இரைச்சல் அங்கே இன்னும் நன்றாகக் கேட்டது.

"டீச்சர், நீங்க குறையா நினைக்க வேணாம். எனக்கு அப்ப ஒம்பது வயசு. சிலாவத்துறைக்குக் கிட்ட எங்கட ஊர். துவக்கோட வந்த ஆக்கள் மைக்கில சொன்னாங்க. ஒண்டையும் எடுக்க வேண்டாம், எல்லாரும் வெளிக்கிடுங்கோ எண்டு. இப்ப நீங்க சொன்ன அதே கதை. அதே இழுவை."

தொண்ணூறாம் ஆண்டு என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அப்படி வெளிக்கிட்டவர்கள் வந்து குடியேறிய தில்லையடியில் பாதி வீடுகளுக்கு அந்த ஆண்டுதான் அத்திவாரம். அந்த நாட்களில் நானும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மன்னாரில் முஸ்லிம் சனங்களை இயக்கத்துப் பொடியன்கள் போகச் சொல்லிவிட்டார்கள் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் கதைத்ததைக் கேட்டிருக்கிறேன். அந்த வசனம் எப்படி ஒலித்திருக்கும் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. என் வாயில் ஒலித்தது போலத்தான் ஒலித்திருக்கிறது. என் அம்மாவும் நானும் கடைக்காரரும் அயலவரும் கதைக்கிற பேச்சு.

பல வருடங்களுக்குப் பிறகு, போரின் கடைசியில், எங்களுக்கும் ஒருநாள் இராணுவத்தினர் அப்படிச் சொன்னார்கள், சிங்களத்தில் என்று அவளிடம் சொன்னேன். பைகளை வைத்துவிட்டு நடக்கச் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டினாள். ஒன்றுக்கொன்று சமன் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், அவ்வளவுதான். காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. ஓலைகளின் சத்தம் மழை போலக் கேட்டது. ஆனால் வானம் முழுக்க வெளிச்சம்.

பிறகு நான் கேட்டேன்: "பிள்ளையள் அந்த இடத்தில துவக்கை வைச்சிட்டுப் பின்னுக்கு வரத்தான் வேணும். நீங்களெண்டா அதை எப்படிச் சொல்லுவீங்கள்?"

பரீனா யோசித்தாள். அடுப்பில் எண்ணெய் தெறிக்கிற நேரம் ஹஸ்னா கிட்ட வந்தால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொல்வேன் என்றாள்.

"கைய எடுங்க புள்ள. இஞ்சால வாங்க."

நான் அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். போகச் சொல்லவில்லை, வரச் சொல்கிறது.

கொட்டிலுக்குத் திரும்பி, இனி இப்படித்தான் சொல்லப்போகிறேன் என்று குலதுங்கவிடம் சிங்களத்தில் விளக்கினேன். காரணத்தையும் சொன்னேன். எல்லாம் சொல்லவில்லை, போதுமானதைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அவர் கோட்டுக்கு முன்னால், மேசைகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் விசில் ஊதினார். நான் முடித்ததும் நடந்து வந்து கோட்டுக்குப் பின்னால், தாய்மாரின் கதிரைகளுக்கு நடுவில் நின்றார். வா என்று சொல்கிறவர் இங்கேதானே நிற்க வேண்டும் என்றார். பரீனா திரும்பி வந்து கடைசிக் கதிரையில் அமர்ந்தாள்.

சனி, பத்து மணிக்குப் பிறகு.

காதுமூடியைப் போட்ட பிறகு உலகம் வேறாகிவிடும். அதை எப்படிச் சொல்வது? குளத்துக்குள் மூழ்கிக் கண்ணைத் திறந்து பார்ப்பது போல. பிள்ளைகளின் வாய்கள் அசைந்தன, காற்றாலைகள் சுழன்றன, கொடி படபடத்தது, ஒன்றுக்கும் சத்தமில்லை. வலப்பக்கம் கழகத்தவர் சுட்ட வெடிகூட யாரோ தூரத்தில் கதவைத் தட்டுவது போலத்தான் வந்தது. என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. வெடிச்சத்தத்துக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு இவ்வளவு அமைதியாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. எனக்குத் தூக்கம் வரும் போலிருந்தது.

அப்போது பரீனா எழும்பினாள்.

அவள் இலக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சுடுவதைப் பார்க்க மனமில்லாமல், முகத்தைத் திருப்பி, வலப்பக்க மண் அணையின் மேல்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"நிப்பாட்டுங்க!"

காதுமூடிக்குள்ளேயும் அது கேட்டது. குலதுங்கவுக்குத் தமிழ் தெரியாது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் விசில் ஊதினார். நான் ஒலிவாங்கியை எடுத்தேன். கைய எடுங்க புள்ள, இஞ்சால வாங்க. மேசைகளில் துப்பாக்கிகள் கிடந்தன. கழகத்தவரும் பிள்ளைகளும் ஒன்றாகக் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாரும் அணையைப் பார்த்தோம்.

அணையின் மேல், வெயிலில் மணல் நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு மனிதர் மிதந்து வந்துகொண்டிருந்தார். கால்கள் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு சைக்கிள், அதன் பின்னால் மீன்பெட்டி. கடற்கரையிலிருந்து குறுக்கு வழியாக ஏறி, தலையைக் குனிந்துகொண்டு, மணலில் புதைகிற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிமிர்ந்தவர், ஒரு கொட்டில் நிறையப் பெண்கள் வரிசையாக நின்று தன்னையே பார்ப்பதைக் கண்டு திகைத்து நின்றார். பிறகு நெஞ்சில் கை வைத்துச் சலாம் சொன்னார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஹஸ்னா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குலதுங்க கொடியை இறக்கச் சொல்லிவிட்டு, தானே நடந்து போய் அவரைக் கூட்டிவந்தார். அந்த மூலையில் வேலி காற்றுக்குச் சரிந்திருக்கிறது. அதைக் காலையில் கவனிக்காதது தன் பிழை என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மீன்காரர் அந்தப் பாதைக்குப் புதியவர். சிவப்புக் கொடியைக் கண்டாராம்; ஏதோ தேர்தல் கூட்டத்தில் மிஞ்சியது என்று நினைத்தாராம். தேத்தண்ணி குடித்த பிறகு வீதிப் பக்கமாகப் போனார். சரிந்த மூலையில் ஒரு ஆளை நிறுத்திய பிறகே கொடி திரும்ப ஏறியது.

அதற்குள் குலதுங்க பரீனாவிடம் வந்து சிங்களத்தில் நன்றி சொன்னார். இங்கே இருபது பேர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம், நீங்கள் ஒருவர்தான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தீர்கள் என்றார். மொழிபெயர்க்க நான் வாய் திறந்தேன். பரீனா எனக்குக் கையைக் காட்டிவிட்டு, தானே சிங்களத்தில் பதில் சொன்னாள். மகள் இங்கே பழகுவதென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் தானும் வருவாள்; இந்தக் கோட்டுக்குப் பின்னால் தனக்கு ஒரு கதிரை வேண்டும்; மனம் சொல்கிற நேரம் நிறுத்தச் சொல்வாள்; ஏன் என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அவர் அதற்குச் சம்மதித்தார். போட்டிக்குப் போகிற இடங்களிலும் அப்படித்தானா என்று கேட்டாள். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்றார்.

"அப்ப சுடுங்க மகள்," என்றாள் பரீனா.

ஹஸ்னா சுட்டாள். முதல் குண்டு அட்டையிலேயே படவில்லை. யாரும் சிரிக்கவில்லை; அதுவும் அன்று படித்ததுதான். மூன்றாவதோ நாலாவதோ கறுப்பு வட்டத்தின் விளிம்பைத் தொட்டது. துப்பாக்கியை வைத்து, கையை எடுத்து, பின்னால் வந்த பிறகுதான் அவள் முகம் மலர்ந்தது. நீங்களும் ஒரு தரம் சுட்டுப் பாருங்க என்று நஸ்ரின் என்னிடம் சொன்னாள். எனக்கு வேண்டியிருக்கவில்லை. பரீனாவும் வேண்டாம் என்றாள். குழாயடியில் வரிசையாக நின்று சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, பணிஸும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். திரும்பும்போது களப்பின் மேல் புகார் இல்லை. தண்ணீர் முழுக்க ஒரே வெள்ளி, கண் கூசியது. வேனில் எல்லாரும் தூங்கினார்கள்.

ஞாயிறு, காலை.

புத்தளம் பஸ் நிலையத்துக்கு நஸ்ரினோடு பரீனாவும் வந்திருந்தாள். அநுராதபுரம் பஸ் இன்னும் வரவில்லை. எங்கள் ஊரைப் பற்றிக் கேட்டாள். எங்கள் ஊரிலும் காட்டுக்கு அப்பால் சில நாட்களில் பயிற்சி வெடிச்சத்தம் கேட்கும். யார் சுடுகிறார்கள், எந்தப் பக்கம் பார்த்துச் சுடுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சமைத்துக்கொண்டே கேட்போம் என்றேன்.  அவளுடைய ஊரைப் பற்றி நான் கேட்டேன். ஒரு தரம் போய்ப் பார்த்தாளாம். வீடு இருந்த இடத்தில் காடு. கிணற்றை மட்டும் கண்டுபிடித்தார்களாம்.

பஸ் வந்தது. நான் பையைத் தூக்கிய நேரம் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"டீச்சர், உங்கட ஊர்ப் பேச்சில எனக்கு ஏதாவது ஒண்டு சொல்லிட்டுப் போங்க. நல்லதா ஒண்டு."

நடத்துநர் ஏறச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.  எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் பிரியும்போது சொல்வதுதான் வாயில் வந்தது.

"ஒருநாளைக்கு வீட்டை வாங்கோ."

பரீனா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"வீட்டை வாங்கவா? காசுக்கு எங்க போறது?"

வீட்டுக்கு வரச் சொல்வதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று படிக்கட்டில் நின்றபடி விளக்க வேண்டியதாயிற்று. தெரியும், எங்கட உம்மாவும் முந்தி அப்படித்தான் சொல்லுவாங்க என்றாள். சொல்லும்போதே சிரிப்பு மெல்ல அடங்கியது. பஸ் நகர்ந்தது. உப்பளத்திலிருந்து வந்த காற்று அவள் முக்காட்டைத் தூக்க, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பஸ்ஸோடு நாலு எட்டு நடந்து வந்து சொன்னாள்:

"வாறம், டீச்சர்."